கணையமும் நாய்களும்

மனித உடலில் மருத்துவர்களுக்கு மிகவும் தாமதமாகப் பிடிபட்ட உறுப்பு எது என்று கேட்டால், கணையம் என்றுதான் சொல்ல வேண்டும். இதயம் துடிப்பது கைக்குத் தெரியும். நுரையீரல் விரிந்து சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். கணையம் அப்படி இல்லை. வயிற்றைத் திறந்து பார்த்தால்கூட அது உடனே கண்ணில் படாது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் மறைந்து கிடக்கிறது. கிரேக்கர்கள் வைத்த பெயருக்கு 'எல்லாம் சதை' என்று பொருள். கேலன் போன்ற பழைய மருத்துவர்கள், பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கு இது ஒரு மெத்தை என்று நினைத்தார்கள்!

அந்த 'மெத்தை' இரண்டு பெரிய வேலைகளைச் செய்கிறது என்பது இன்று பள்ளிப் பாடம். ஒன்று, உணவைச் செரிக்கும் கணையநீரைச் சுரந்து ஒரு குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புவது. மற்றொன்று, இன்சுலினைச் சுரந்து நேராக ரத்தத்தில் கலப்பது. முதல் வேலை கெட்டால் செரிமானம் கெடும். இரண்டாவது வேலை கெட்டால் சர்க்கரை நோய் வரும்.

இந்த இரண்டு வரிகளைக் கண்டுபிடிக்க 250 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதில் பெரும்பகுதி நாய்களின் வயிற்றில் செய்த அறுவைகளால் கிடைத்தது. குழாயில் துளை போட்டார்கள், குழாயைக் கட்டினார்கள், கணையத்தை வெட்டி எடுத்தார்கள், எடுத்ததை வேறு இடத்தில் ஒட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கேள்வி. அந்தக் கேள்விகளின் வரலாறுதான் இது.

இறகுத் தண்டும் ஒரு குப்பியும்

1642-ல் இத்தாலியின் படுவா நகரில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்த விர்சுங் என்ற மருத்துவர், கணையத்துக்குள் ஒரு குழாய் ஓடுவதைக் கண்டார். குழாய் இருந்தால் அதில் ஏதோ ஓட வேண்டும். என்ன ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டே அவர் கொலை செய்யப்பட்டார்.

விடை தேடியவர் ஒரு மாணவர். ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ரெய்னியர் டி கிராஃப். வயது 23. உயிருள்ள நாயின் வயிற்றைத் திறந்து, கணையக் குழாய்க்குள் ஒரு பறவை இறகின் தண்டைச் செருகி, மறுமுனையில் ஒரு சிறு குப்பியைக் கட்டினார். குப்பியில் சொட்டுச் சொட்டாகக் கணையநீர் சேர்ந்தது. உலகில் முதல் முறையாக ஒருவர் அந்த நீரைக் கையில் பிடித்துப் பார்த்தார். 1664-ல் இது பற்றிய ஆய்வு வெளிவந்தது.

ஆனால் ஒரு வேடிக்கை. அந்த நீர் புளிப்பானது, அதாவது அமிலத்தன்மை கொண்டது, என்று டி கிராஃப் எழுதினார். அவருடைய பேராசிரியர் சில்வியஸின் கொள்கையும் அதுவே. உண்மையில் கணையநீர் காரத்தன்மை கொண்டது. நுட்பம் சரி, முடிவு தவறு! இந்த வரலாற்றில் இப்படிப் பலமுறை நடக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஈதர் மயக்கமருந்து மருத்துவத்துக்கு வந்தது 1846-ல்தான். டி கிராஃபின் நாய்களுக்கு எந்த மயக்கமும் கொடுக்கப்படவில்லை.

கைக்கு எட்டியும் தவறவிட்டவர்

அடுத்த கேள்வி எளிமையானது. கணையம் இல்லாமல் வாழ முடியுமா? சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புருன்னர், நாய்களின் கணையத்தில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துப் பார்த்தார். 1683-ல் முடிவுகளை வெளியிட்டார். நாய்கள் பிழைத்துக்கொண்டன. எனவே, உயிர் வாழக் கணையம் அவசியமில்லை என்று முடிவு செய்தார்.

அவருடைய குறிப்புகளில் ஒரு விவரம் இருக்கிறது. அறுவைக்குப் பின் நாய்க்குத் தாகம் அதிகமானது, சிறுநீரும் அதிகமாகப் போனது. இவை இரண்டும் சர்க்கரை நோயின் முதல் அடையாளங்கள். ஆனால் புருன்னர் கணையத்தை முழுவதும் எடுக்கவில்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சம் நாயைக் காப்பாற்றியது, உண்மையையும் மறைத்துவிட்டது. அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை.

பெர்னார்டின் முயல்கள்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் கிளாட் பெர்னார்டு இந்த உறுப்பைக் கையில் எடுத்தார். அவருக்கு உதவியது முயலின் உடலமைப்பு. பித்தநீர்க் குழாயும் கணையக் குழாயும் மனிதனில் ஒரே இடத்தில் குடலில் சேரும். முயலில் கணையக் குழாய் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளிக் கீழே சேர்கிறது. முயலுக்குக் கொழுப்பைக் கொடுத்து, பிறகு வயிற்றைத் திறந்து பார்த்தார். கணையக் குழாய் சேரும் இடத்துக்குக் கீழேதான் குடலிலிருந்து கிளம்பும் நிணநீர் நாளங்கள் பால்போல வெளுத்திருந்தன. கொழுப்பைச் செரிக்க உதவுவது கணையநீர் என்பது இப்படித்தான் தெரியவந்தது.

முழுக் கணையத்தையும் எடுத்துவிட்டால் விலங்கு பிழைக்காது என்று பெர்னார்டு கருதினார். எனவே குழாய் வழியாகக் கொழுப்பைச் செலுத்திக் கணையத்தை உள்ளேயே அழித்துப் பார்த்தார். நாய்களுக்குச் சர்க்கரை நோய் வரவில்லை. இந்த முறையில் அழிந்தது செரிமான நீரைச் சுரக்கும் பகுதி மட்டும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

பெர்னார்டின் ஆய்வுகளுக்கு மனைவி ஃபேனி கொண்டுவந்த சீதனப் பணம் உதவியது. ஆனால் உயிருள்ள விலங்குகளை அறுப்பதை ஃபேனியும் மகள்களும் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். இந்த விவகாரம் பின்னால் தெருவுக்கு வந்தது. முதலில் வந்தது ஒரு வீட்டுக்குள்தான்.

1869-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர், கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்து, மற்ற செல்களுக்கு நடுவே தீவுகள்போலச் சில செல் கூட்டங்கள் தனியாகக் கிடப்பதை எழுதினார். அவை எதற்கு என்பது அவருக்குத் தெரியவில்லை. இன்று அவற்றை லாங்கர்ஹான் திட்டுகள் என்கிறோம்.

பாவ்லோவ் வைத்த ஜன்னல்

மணி அடித்தால் எச்சில் ஊறும் நாய் என்றதும் நினைவுக்கு வரும் பாவ்லோவுக்கு, 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுகளுக்காக! 1879-ல் அவர் ஒரு புதிய முறையைக் கண்டார். கணையக் குழாய் திறக்கும் இடத்தைச் சுற்றியுள்ள குடல் துண்டோடு வெட்டி, அதை நாயின் வயிற்றுத் தோலில் தைத்துவிட்டார். நாய் குணமாகி, எழுந்து நடமாடி, சாப்பிட்டது. அப்போது கணையநீர் வெளியே சொட்டியது. அதாவது அறுவை மேசையில் சாகும் நாய்க்குப் பதிலாக, பல மாதங்கள் உயிரோடு இருக்கும் நாயில் ஆய்வு செய்ய முடிந்தது.

ஆனால் கணையநீர் சதையையே செரிக்கக்கூடியது. வெளியே வழிந்த நீர் நாய்களின் வயிற்றுத் தோலை அரித்துப் புண்ணாக்கியது. பாவ்லோவின் நாய்களில் ஒன்று சுவரிலிருந்து காரையைப் பெயர்த்துப் போட்டு, அந்தக் குவியல்மேல் படுத்துக்கொண்டது. காரைத் தூள் நீரை உறிஞ்சியதால் அதன் புண் ஆறிவிட்டது. அதைப் பார்த்துத்தான் மற்ற நாய்களுக்கும் அப்படிப்பட்ட படுக்கை போட்டார்கள். நோயாளியே வைத்தியம் சொல்லிக்கொடுத்த கதை இது.

1889: ஸ்ட்ராஸ்பர்க்

இப்போது பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் அப்போது ஜெர்மனியிடம் இருந்தது. அங்கே ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் ஜோசப் வான் மெரிங்கும் ஒருநாள் நூலகத்தில் சந்தித்தார்கள். எண்ணெய்ச் செரிமானம் பற்றிப் பேச்சு வந்தது. கணையம் இல்லாத நாய் கிடைத்தால் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் முழுக் கணையத்தையும் எடுக்க முடியாதே என்றார் மெரிங். முடியும் என்றார் மின்கோவ்ஸ்கி. அவர் அறுவையில் கைதேர்ந்தவர். அன்றே இருவரும் சேர்ந்து ஒரு நாயின் கணையத்தை முழுவதும் எடுத்துவிட்டார்கள்.

மெரிங் குடும்ப விஷயமாக வெளியூர் போய்விட்டார். ஆய்வகத்தில் கட்டியிருந்த அந்த நாய், வீட்டு ஒழுக்கம் பழகிய நாய், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. மின்கோவ்ஸ்கி அந்தச் சிறுநீரைச் சோதித்தார். சுமார் 12 சதவீதம் சர்க்கரை! சிறுநீரை ஈக்கள் மொய்த்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. மின்கோவ்ஸ்கியே அதை மறுத்திருக்கிறார்.

கொழுப்புச் செரிமானத்தைப் பற்றிக் கேட்கப் போய், சர்க்கரை நோயின் விடை கிடைத்துவிட்டது. புருன்னர் விட்டுவைத்த மிச்சத்தையும் எடுத்ததுதான் வித்தியாசம்.

அடுத்து ஒரு சந்தேகம் வந்தது. நோய் வருவது கணையநீர் குடலுக்குப் போகாததாலா? குழாயை மட்டும் கட்டிப் பார்த்தால் நோய் வரவில்லை. மின்கோவ்ஸ்கியும் பிரான்சில் ஹெடோனும் 1890களின் தொடக்கத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். கணையத்தின் ஒரு துண்டை நாயின் தோலுக்கு அடியில் ஒட்டிவிட்டு, மீதிக் கணையத்தை எடுத்தார்கள். நோய் வரவில்லை. ஒட்டிய துண்டையும் எடுத்தார்கள். நோய் வந்துவிட்டது! குடலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சதைத் துண்டு நோயைத் தடுக்கிறது என்றால், அது ஏதோ ஒரு பொருளை ரத்தத்தில்தான் கலக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு அப்போது பெயர்கூட இல்லை. அதைப் பிடிக்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

லண்டனில் ஒரு பழுப்பு நாய்

1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். நாயின் குடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை எல்லாம் துண்டித்துவிட்டு, அங்கே அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாமல் கணையம் சுரந்தது. குடலிலிருந்து ரத்தம் வழியாக ஒரு வேதிப்பொருள் செய்தி கொண்டுபோகிறது என்று கண்டார்கள். அதற்கு செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-ல் ஸ்டார்லிங் பயன்படுத்தியது இதன் தொடர்ச்சியாகத்தான்.

அதே 1902 டிசம்பரில் ஸ்டார்லிங் ஒரு சிறிய பழுப்பு நிற நாயின் கணையக் குழாயைக் கட்டினார். இரண்டு மாதம் கழித்து, 1903 பிப்ரவரி 2 அன்று, விளைவைப் பார்க்க வயிற்றை மறுபடி திறந்தார். பிறகு நாயைப் பேலிஸிடம் கொடுத்தார். பேலிஸ் மாணவர்கள் முன்னிலையில் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் வேறொரு செய்முறையைக் காட்ட முயன்றார். அது சரியாக வரவில்லை. அப்போது மாணவராக இருந்த ஹென்றி டேல், கணையத்தை எடுத்துவிட்டு நாயைக் கொன்றார். (இவரும் பின்னாளில், 1936-ல், நோபல் பரிசு பெற்றார்.)

அந்த வகுப்பில் ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். லிஸி லிண்ட் அஃப் ஹாகேபி, லீசா ஷார்டாவ். விலங்குச் சோதனையை எதிர்ப்பதற்காகவே மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்கள். நாய்க்குச் சரியாக மயக்கம் கொடுக்கப்படவில்லை என்று எழுதினார்கள். ஒரு விலங்கை ஒரு சோதனைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது 1876-ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் மீறப்பட்டது என்றார்கள். விலங்கு அறுவை எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளர் ஸ்டீபன் கோலரிட்ஜ் இதைப் பொதுக்கூட்டத்தில் பேசினார். பேலிஸ் அவதூறு வழக்குப் போட்டார்.

நீதிமன்றத்தில் ஸ்டார்லிங், ஒரே நாயை இருமுறை பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார். இன்னொரு நாயைக் கொல்லாமல் இருக்கத்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னார். நடுவர் குழு பேலிஸ் பக்கம் நின்றது. செலவுத் தொகையோடு சேர்த்து 5,000 பவுண்டு கோலரிட்ஜ் கட்ட வேண்டியதாயிற்று.

கதை அங்கே முடியவில்லை. 1906-ல் லண்டனின் பேட்டர்சீ பகுதியில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். அதே கல்லூரியில் 1902-ஆம் ஆண்டில் அறுக்கப்பட்ட 232 நாய்களின் நினைவாகவும் என்று அதில் பொறித்தார்கள். மருத்துவ மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1907 டிசம்பரில் டிராஃபல்கர் சதுக்கத்தில் போலீசுக்கும் மாணவர்களுக்கும் கைகலப்பு. சிலைக்கு இரவு பகலாகக் காவல் போட வேண்டிவந்தது. 1910-ல் ஓர் இரவில் போலீஸ் பாதுகாப்போடு சிலையை அகற்றிவிட்டார்கள். 1985-ல் பேட்டர்சீ பூங்காவில் புதிய சிலை வந்தது.

டொரன்டோ: தவறான யோசனை, சரியான விடை

சிலையை அகற்றிய அந்த ஆண்டுகளில், சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு மருத்துவம் என்ன? பட்டினி! அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன், நாய்களின் கணையத்தில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, உணவைக் குறைத்தால் நோயின் வேகம் குறைகிறது என்று கண்டார். அதையே நோயாளிகளுக்கும் செய்தார். குழந்தைகள் எலும்பும் தோலுமாகச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கூடுதலாக வாழ்ந்தார்கள். அதற்குமேல் எந்த வழியும் இல்லை.

1920 அக்டோபர் 31 இரவு, கனடாவில் ஃபிரெடரிக் பான்டிங் என்ற இளம் அறுவை மருத்துவருக்கு ஒரு யோசனை வந்தது. கணையத்தை அரைத்துச் சாறு எடுத்தால், அதிலுள்ள செரிமான நீர் அந்த மர்மப் பொருளை அழித்துவிடுகிறது என்பது அப்போதைய எண்ணம். சரி, கணையக் குழாயைக் கட்டிவிட்டுச் சில வாரங்கள் காத்திருந்தால், செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கிப் போகும். லாங்கர்ஹான் திட்டுகள் மட்டும் மிஞ்சும். அதிலிருந்து சாறு எடுக்கலாம் அல்லவா?

பழுப்பு நாய்க்கு ஸ்டார்லிங் போட்ட அதே முடிச்சு!

டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியாட் ஓர் ஆய்வகமும் பத்து நாய்களும் உதவிக்கு சார்லஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவரையும் கொடுத்தார். 1921 மே மாதம் வேலை தொடங்கியது. ஆரம்பமே மோசம். முதல் இரண்டு வாரங்களிலேயே பெரும்பாலான நாய்கள் இறந்துபோயின. புதிதாக நாய்கள் வாங்க வேண்டியிருந்தது. குழாயைக் கட்டிய நாய்களைச் சில வாரம் கழித்துத் திறந்தால், பலவற்றில் முடிச்சே இல்லை. ஆட்டுக் குடலில் செய்த நூல் உடலுக்குள் கரைந்துவிட்டிருந்தது. பட்டு நூலால் மறுபடி கட்டினார்கள்.

ஜூலை 30 அன்று, கணையம் எடுக்கப்பட்ட 410-ஆம் எண் நாய்க்கு முதல் சாறு செலுத்தப்பட்டது. அதன் ரத்தச் சர்க்கரை இறங்கியது. பின்னர் 33-ஆம் எண் நாய், மார்ஜரி என்று பெயர் பெற்றது, கணையம் இல்லாமல் சாற்றின் துணையால் சுமார் 70 நாள் வாழ்ந்தது. இதே 1921-ல் ருமேனியாவின் பவுலெஸ்குவும் நாய்களில் கணையச் சாற்றின் பலனை வெளியிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் திருப்பம். குழாயைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருப்பது கட்டுப்படியாகவில்லை. கசாப்புக் கூடத்திலிருந்து வந்த மாட்டுக் கணையத்தை ஆல்கஹாலில் கலந்து சாறு எடுத்துப் பார்த்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. அதாவது, குழாயைக் கட்டவே தேவையில்லை! பான்டிங்கை டொரன்டோவுக்கு அழைத்துவந்த யோசனையே தேவையற்றதாகிப் போனது.

1922 ஜனவரி 11 அன்று, 29 கிலோ எடையோடு படுத்திருந்த 14 வயது லெனார்ட் தாம்ப்சனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சாறு சுத்தமாக இல்லாததால் பலன் சரியில்லை. வேதியியலாளர் கோலிப் சுத்தம் செய்த சாற்றை ஜனவரி 23 அன்று போட்டார்கள். சிறுவன் தேறினான். இன்சுலின் பிறந்தது. 1923-ல் பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு. ஒருவர் பெஸ்டுடனும் மற்றவர் கோலிப்புடனும் பரிசுப் பணத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வரவும் செலவும்

அந்த முடிச்சு தேவையில்லை என்றால், அதற்காக இறந்த நாய்கள் எந்தக் கணக்கில் வரும்? வீண் செலவா?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாற்றைத் தயாரிக்க நாய் தேவைப்படவில்லை. மாட்டுக் கணையம் போதும். ஆனால் சாறு வேலை செய்கிறதா என்று பார்க்க அன்று இருந்த நம்பகமான வழி, கணையம் எடுத்த நாய்தான். மின்கோவ்ஸ்கியின் அறுவை அப்போது ஒரு தராசாக மாறியிருந்தது. அந்தத் தராசு இல்லாமல் எந்தச் சாற்றையும் எடைபோட்டிருக்க முடியாது. எனவே செலவின் ஒரு பகுதிக்கு நேரடியான வரவு உண்டு. இன்னொரு பகுதி தவறான யோசனைக்காகப் போனது. எது எந்தப் பகுதி என்று 1921-ல் யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. இதுதான் இந்தக் கணக்கின் கஷ்டம்.

அதே சமயம், எதிர்த்தவர்களின் பக்கமும் வரவு எழுதப்பட வேண்டும். அறுவை செய்தவர்கள் அறிவை வளர்த்தார்கள். கேள்வி கேட்டவர்கள் அந்த அறிவுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். உரிமம், மயக்கமருந்து, கண்காணிப்பு எல்லாம் தானாக வந்துவிடவில்லை. 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கில விஞ்ஞானிகள் மூன்று விதிகளை முன்வைத்தார்கள். முடிந்த இடத்தில் விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. இன்று பல நாடுகளில் ஆய்வக விதிகளுக்கு அடிப்படை இவைதான்.

கணையத்தின் கதையும் தொடர்ந்தது. 1966-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெல்லி, லில்லிஹை இருவரும் மனிதருக்கு முதல் கணைய மாற்று அறுவையைச் செய்தார்கள். அறுவை முறை அதற்கு முன் நாய்களில் பழகப்பட்டது. பால் லேசி என்ற விஞ்ஞானி, எலியின் கணையத்திலிருந்து லாங்கர்ஹான் திட்டுகளை மட்டும் பிரித்தெடுக்கும் முறையை 1967-ல் வெளியிட்டார். 1970களின் தொடக்கத்தில் அவற்றை எலிகளின் ஈரலுக்குள் செலுத்திச் சர்க்கரை நோயை மாற்ற முடிந்தது. 2000-ல் கனடாவின் எட்மன்டன் நகரில் ஏழு நோயாளிகள் அதே முறையில் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டார்கள். காலப்போக்கில் பலர் ஊசிக்குத் திரும்ப வேண்டிவந்தாலும், பாதை திறந்துவிட்டது. திட்டுகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும் என்ற பான்டிங்கின் பழைய ஆசை ஒருவிதத்தில் நிறைவேறியது. இந்த முறை முடிச்சு இல்லாமல்!

1982 முதல் மனித இன்சுலினையே பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரித்து விற்கிறார்கள். மாடும் பன்றியும் அதற்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1935-ல் பாவ்லோவ் காலத்திலேயே சோதனை நாய்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைக்கப்பட்டது. அது நன்றிக்காக. லண்டன் பூங்காவில் பழுப்பு நாய்க்கு ஒரு சிலை இருக்கிறது. அது கண்டனத்துக்காக. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கணக்கை மூடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு குழந்தைக்குப் பின்னாலும் 410-ஆம் எண்ணும் 33-ஆம் எண்ணும் இருக்கின்றன. எண்கூட எழுதி வைக்கப்படாத எத்தனையோ நாய்களும் இருக்கின்றன.